பூங்காப் புல்லில் ஒரு மீட்டர்

என் அருமை வாலுக்குட்டிக்கு,

அப்பாவின் அன்பும் ஆசியும். அம்மாவின் முழங்காலையும் என் வலது கண்ணையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் இங்கே நன்றாகவே இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மூன்று தடவை இருமினாய். கேட்டதற்கு ஆய்வகத்தில் ஏசி அதிகம் என்றாய். உன் இருமலில் எது ஏசி இருமல், எது நெஞ்சு இருமல் என்று எனக்குத் தெரியாதா, ஒழுங்காக டாக்டரிடம் போய்க் காட்டு. ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நீ புருவத்தை உயர்த்துவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் சொல்ல வரவில்லையம்மா. நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பிப் போய்விட்டது. காகிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது, படம் பாதியில் உறைந்து நிற்காது, அதனால் எழுதுகிறேன்.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை உன்னிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் சொட்டு மருந்து இன்னும் தொடர்கிறது, தூரத்தில் இருப்பது பளிச்சென்று தெரிகிறது, கையிலிருக்கும் பொடி எழுத்துதான் கலங்குகிறது. இந்தக் கடிதத்தில் வரிகள் மேலேயும் கீழேயும் ஏறி இறங்கினால் அதுதான் காரணம். மாடி வீட்டு நர்ஸுக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது, அதனால் நம் தலைக்கு மேல் காலை நேரத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் நின்றுவிட்டது, அம்மா என்னவென்றால் அந்தச் சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போல் இருக்கிறது என்கிறாள். உன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம். காலையில் எழுந்ததும் உன் ஜன்னலைத் திறந்து பூங்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நான் பல் தேய்க்கவே போகிறேன். நீ போய் மூன்று வருடம் எட்டு மாதம் ஆகிறது. அம்மா கேட்டால் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவைப்பேன், எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று காட்டிக்கொள்வதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன், போனில் அரைகுறையாகச் சொன்னதுதான். நம் பூங்காவின் நடுவே இருக்கிற புல்தரையில் கூடைப்பந்து ஆடுகளம் ஒன்று போட வேண்டும் என்று ஒரு மனு கிளம்பியது. கிளப்பியவர் எதிர்க் கட்டிடத்தில் இருக்கும் பஸ் ஓட்டுநர், அதுதான் நீ போன பிறகு குடிவந்த அம்மாள், எல்லோரும் பஸ்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். அவருக்குப் பன்னிரண்டு வயதில் இரட்டைப் பெண்கள், இரண்டும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டேதான் பிறந்ததோ என்னவோ. புல்லைத் தொடக் கூடாது என்று எதிர்த்து நின்றவர் நம் மருந்துக்கடைக்காரர். காலையில் பூங்காவில் நடக்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர், அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, முன்னால் நடக்கிறார், அவ்வளவுதான். இந்த ஒரு துண்டுப் பச்சையும் போனால் மூச்சு விடவே இடம் இல்லை, ஒரு தடவை சிமென்ட் போட்டால் போட்டதுதான் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நூலக மாடியில் கூட்டம் போட்டு ஆளுக்கு ஆள் கத்தித் தீர்த்தார்கள். பஸ்காரம்மா மட்டும் கத்தவில்லை. "நாள் பூரா ஆயிரம் பேரை பத்திரமா கொண்டுபோய் இறக்கி விடுறேன், எம் பிள்ளைங்க மட்டும் ரோட்டுல வண்டிக்கு நடுவுல விளையாடுதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நகராட்சியிலிருந்து வந்த பதில் ரொம்பச் சுருக்கம். களத்துக்கு இருபத்தெட்டு மீட்டர் நீளம், அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மீட்டர் கல் பாவ இடம், ஆக முப்பத்திரண்டு மீட்டர் நடைபாதைக்கும் பெரிய மரத்தடி மேடைக்கும் நடுவில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம், இல்லையென்றால் பேச்சே வேண்டாம், குடியிருப்பவர்களே முதலில் அளந்து எழுதிக் கொடுங்கள். உடனே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சர்வேயர் சார் அளக்கட்டும், அவர் அளந்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டோம் என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் சொன்னது. பொய் சொல்வானேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலையை விட்டு ஆறு வருடம் ஆனவனை யாராவது இப்படிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், நீயே சொல்.

மறுநாள் காலையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு நம் பழைய ஐம்பது மீட்டர் டேப்போடு போனேன். அந்த டேப்பை நீ மறந்திருக்க மாட்டாய். எட்டு வயதில், டீச்சர் ஒரு மீட்டர் அளவுகோல் கொண்டுவரச் சொன்னார் என்று கத்திரியை எடுத்து அதன் முதல் மீட்டரைக் கச்சிதமாக வெட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவள் நீ. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் உனக்கு ஒரு தண்டனை கொடுத்தேன், நீ வெட்டின மீட்டரை இனி ஆயுசுக்கும் நீயேதான் கழிக்க வேண்டும் என்று. அதன்பிறகு வீட்டில் எதை அளந்தாலும் நீ ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நோட்டை முழங்காலில் வைத்துக்கொள்வாய், நான் டேப்பில் இருப்பதை அப்படியே கூவுவேன், நீ ஒன்றைக் கழித்து எழுதுவாய். தண்டனை என்பதையே மறந்து, யாராவது நோட்டைத் தொட்டால் சண்டைக்கு வருவாய். வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம்கூட உன் பெட்டியை அளந்தோம், அப்போதும் நீதான் கழித்தாய்.

அம்மா மரத்தடி மேடையில் முனையைப் பிடித்தாள், நான் நடைபாதை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக் கூவினேன், அவள் எழுதினாள். நான் கூவுவதோடு சரி, கூவிய எண்ணைத் தலையில் வைத்துக்கொள்வதில்லை, நோட்டில் இருப்பதுதான் அளவு, அது என் தொழில் பழக்கம். நோட்டில் முப்பத்தொன்று நாற்பது என்று இருந்தது. அறுபது சென்டிமீட்டர் குறைவு. அகலம் போதும், நீளம் போதவில்லை. வழக்கமாக மூலைக்கு மூலை ஒரு தடவை இழுத்துச் சரிபார்க்காமல் நான் எந்த இடத்தை விட்டும் கிளம்பியதே இல்லை, அப்படிச் செய்யாத பையன்களை ஆபீசில் உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறேன். அன்றைக்கு நான் மூலை பார்க்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேண்டிய பதில் வந்துவிட்டது, அதனால் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

கூட்டத்தில் எழுந்து நின்று அளவைப் படித்தேன். மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். பஸ்காரம்மா தன் பெண்கள் வரைந்திருந்த களத்தின் படத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார், அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். முகம் மட்டும் சின்னதாகிவிட்டது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நீ எப்போதும்போல, அப்பா அந்தப் புல்லைக் காட்டுங்கள் என்றாய், நான் ஜன்னலில் நின்று போனைத் திருப்பி மரம், மேடை, பனி காயாத புல் எல்லாவற்றையும் மெதுவாகக் காட்டினேன், புல் தப்பித்தது என்று சொன்னதும் நீ அப்பாடா என்றாய். எனக்கு அது போதும் என்று இருந்தது.

குட்டு வெளிப்பட்டது உன் ஜன்னல் திரைச்சீலையால். பழையது வெளுத்துவிட்டது என்று அம்மா புதுத் துணி வாங்கி, கம்பியிலிருந்து தரை வரைக்கும் அதே டேப்பால் அளந்தோம், அதேபோல் நான் கூவ அவள் எழுத, தையல்காரர் தைத்துக் கொண்டுவந்து மாட்டினார். பாதி ஜன்னலோடு நின்றுவிட்டது. அரை டிராயர் போட்ட மாதிரி காற்றில் ஆடுகிறது. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். தையல்காரர் பாவம், நோட்டைக் காட்டி, அம்மா எழுதினதைத்தான் தைத்தேன் என்றார். நான் டேப்பை எடுத்து மறுபடி பிடித்துப் பார்த்தேன். டேப் மூன்று முப்பது சொல்கிறது, ஒன்றைக் கழித்து நான் இரண்டு முப்பது என்று கூவியிருக்கிறேன், நான் டேப்பில் உள்ளதைக் கூவுகிறேன் என்று நினைத்து அதிலும் ஒன்றைக் கழித்து அவள் ஒன்று முப்பது என்று எழுதியிருக்கிறாள். நீதான் இல்லையே, கழிக்க ஆள் இல்லையே என்று நானும் கழித்திருக்கிறேன், அவளும் கழித்திருக்கிறாள். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள், நான் மட்டும் நோட்டில் பூங்கா அளவு எழுதிய பக்கத்தைப் புரட்டினேன். பூங்காவில் இருப்பது முப்பத்திரண்டு நாற்பது. களத்துக்கு இடம் இருக்கிறது, நாற்பது சென்டிமீட்டர் மிச்சத்தோடு இருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். தப்பாக அளந்தது தவறுதல், அதற்கு நான் இவ்வளவு வெட்கப்பட மாட்டேன். தெரிந்த பிறகு பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அது தவறுதல் இல்லை. முப்பத்தைந்து வருடம் வேலியோரம் நின்று, அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளும்போதுகூட ஒரு விரற்கடை தள்ளிப் போடாதவன் நான். இதற்கு மட்டும் ஏன் வாய் வரவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கேட்பது அந்தப் புல் ஒன்றைத்தான். அதில்தான் நீ சைக்கிள் கற்றுக்கொண்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டாய், ஊருக்குப் போகிற முந்தின சாயங்காலம் அந்த மேடையில்தான் மூன்று பேரும் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். அதுவும் இல்லை என்றால் நீ எதைக் கேட்பாய், எதற்குக் கூப்பிடுவாய், எதைப் பார்க்க வருவாய் என்று எனக்குப் பயமாகிவிட்டது. இரண்டு தடவை டிக்கெட் எடுக்கப் போகிறேன் என்றாய், இரண்டு தடவையும் வேலை வந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன்னைப் பார்க்காமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறதம்மா. இதை நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சொட்டு மருந்து வாங்கக் கீழே இறங்கினேன். நம் சந்தில் பஸ்காரம்மா வேலை முடித்து வந்த சீருடையோடு, முனையில் நின்று வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருக்கிறார், பின்னால் பெண்கள் இரண்டும் மின்கம்பத்தில் கட்டிய வாளிக்குக் குறிபார்த்துப் பந்து போடுகிறார்கள். பந்து உருண்டு ஒரு வேனுக்கு அடியில் போய்விட்டது. ஒருத்தி படுத்துக் கையை விட்டுத் துழாவுகிறாள், வேன்காரர் வண்டியை எடுக்கப் போகிறார், பஸ்காரம்மா போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த மருந்துச் சீட்டே விழுந்துவிட்டது. வேன் நகரவில்லை, ஒன்றும் ஆகவில்லை. வேன்காரர் இறங்கி வந்து, பக்கத்தில்தானே அவ்வளவு பெரிய பூங்கா, அங்கே போய் விளையாடினால் என்ன என்று திட்டினார். அதற்கு அந்தப் பெண் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டே, "அங்க இடம் இல்லையாம் அங்கிள், இந்தத் தாத்தா அளந்து பாத்துட்டாரு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்காகப் பரிந்து பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவே இல்லை. முழுசும் கேட்டுவிட்டு, "உலகத்து வேலியெல்லாம் நேராக்கின மனுஷன், சொந்தப் பொண்ணுக்காகக் கோணலாப் போனீங்களாக்கும்" என்றாள். அதோடு விட்டாளா. "புல்லைப் பாக்கவா அவ கூப்பிடுறா? நம்ம மூஞ்சியைப் பாத்தா அழுதுடுவோம்னு பயந்துதான் புல்லைக் காட்டு மரத்தைக் காட்டுன்னு சொல்லுது அந்தப் பொண்ணு. இது கூடத் தெரியாம மூணு வருஷமா போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள். அது நிஜமா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். அவள் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும், உன் விஷயத்தில் அவளுக்கு டேப் தேவைப்படுவதில்லை.

அடுத்த கூட்டம் வரை நான் காத்திருக்கவில்லை. மருந்துக்கடைக்காரரையும் பஸ்காரம்மாவையும் பூங்காவுக்கு வரச் சொல்லி, முனையைப் பஸ்காரம்மாவிடம் கொடுத்து, ஒரு மீட்டர் குறியைக் காட்டி, இந்த டேப்பின் கதையையும் சொல்லி, எல்லோர் முன்னாலும் மூலைக்கு மூலை இழுத்து அளந்து காட்டினேன். எனக்கு இது தெரிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, சொல்லாதது என் தப்பு என்றும் சொன்னேன். மருந்துக்கடைக்காரருக்கு வந்ததே கோபம், வயதானால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார், இப்போதெல்லாம் நான் போனால் எனக்கு மட்டும் மருந்தைப் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறார். பஸ்காரம்மா டேப்பின் வெட்டுப்பட்ட முனையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "உங்க பொண்ணு இப்ப எங்க சார் இருக்கு" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். திட்டவில்லை.

அப்புறம் நூலக மாடியில் கைதூக்கி எண்ணினார்கள். களம் வேண்டும் என்று நாற்பத்தொரு கை, வேண்டாம் என்று முப்பத்தாறு. அம்மா வேண்டும் என்று தூக்கினாள். நானும் தூக்கினேன், எப்படித் தூக்கினேன் என்று கேட்காதே. நகராட்சி ஆள் வந்து பார்த்துச் சரி சொல்லிவிட்டார். மரமும் மேடையும் அப்படியே இருக்கும், ஓரத்தில் வேட்டிக் கரை மாதிரி கொஞ்சம் புல் மிஞ்சும், மற்றது எல்லாம் அடுத்த மாதம் முதல் வாரத்தில் போய்விடும். சுண்ணாம்புக் கோடு போட என்னைத்தான் கூப்பிட்டார்கள், முந்தாநாள் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். இரட்டைப் பெண்கள் கூடவே வந்து ஒருத்தி முனையைப் பிடித்தாள், இன்னொருத்தி நோட்டைப் பிடுங்கிக்கொண்டு நான்தான் கழிப்பேன் என்றாள். நான் கொடுக்கவில்லை. அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது, லீவில் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கோடு போட்டு முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்ச நேரம் நடந்தேன், உனக்காகவும் சேர்த்து.

போகட்டும். திரைச்சீலைக்குக் கீழே வேறு நிறத்தில் ஒரு மீட்டர் துணி வைத்துத் தைத்தாயிற்று, பார்க்கச் சுமாராக இருக்கிறது, வந்து பார்த்துவிட்டுத் திட்டு. இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா என்று ஞாயிற்றுக்கிழமை முதல் கேள்வி கேட்பேன், இப்போதே சொல்லிவைக்கிறேன். கதவைப் பூட்டினால் ஒரு தடவை இழுத்துப் பார். பாஸ்போர்ட் தேதி என்றைக்கு முடிகிறது என்று எடுத்துப் பார்த்து வை, நான் எதற்கும் அவசரப்படுத்தவில்லை, சும்மா பார்த்து வை. உனக்கு எந்தக் குறையும் வராமல், நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது புல்லைக் காட்டச் சொல்லாதே. நான் போனைத் திருப்ப மாட்டேன், கூடத்தில் நாற்காலி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நானும் அம்மாவும் உட்கார்ந்திருப்போம். எனக்கு முடி முழுசும் வெளுத்துவிட்டது, அம்மா இளைத்துவிட்டாள், பார்த்தால் உனக்கு அழுகை வரும். வந்தால் வரட்டும், அழுதுகொண்டே எங்களைப் பார்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா